பயிற்சி கூடியபின் மாணவிக்கு மாதவிடாய் நின்றுவிட்டது: காத்திருக்கலாமா, வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டுமா?

உப்புவெளி ஆசிரியை (கேள்வி)

திருகோணமலை நகரப் பகுதிப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி கற்பிக்கிறேன். எனது மாணவிகளில் ஒருத்தி 1500 மீற்றர், 3000 மீற்றர் ஓட்டங்களில் வலய மட்டத்தில் வென்று மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறாள். வயது 17, உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறாள். 13 வயதில் பூப்பெய்தியவள், அதன்பின் பெரும்பாலும் ஒழுங்காகவே மாதவிடாய் வந்துகொண்டிருந்தது என்கிறாள். பயிற்சியைக் கூட்டியதிலிருந்து அது பிந்திப் பிந்தி வந்து, இப்போது நான்கு மாதங்களுக்கு மேலாக வரவேயில்லை.

இதை அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை. போட்டி நாளில் தொல்லை இல்லை என்ற ஆறுதலோடுதான் சொன்னாள். அவளுக்கு மேலதிகப் பயிற்சி அளிப்பவரும் இது உடல் நன்கு பதப்பட்டிருப்பதன் அடையாளம் என்று கூறியிருக்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஓரிரு மாதங்களில் அவளுடைய எடை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. வலது காலின் முன்னெலும்பில் ஓரிடத்தில் நோகிறது என்றும் அண்மையில் சொன்னாள்.

அவளுடைய நாள் எப்படிப் போகிறது என்று கேட்டேன். விடியற்காலையில் வெறுந்தேநீர் குடித்துவிட்டுக் கடற்கரை மணலில் ஓடுகிறாள். பிறகு பாடசாலை, இடைவேளையில் ஒரு பணிஸ். பாடசாலை முடிந்ததும் தனியார் வகுப்பு, அங்கிருந்து நேரே மைதானம். சோறு என்று உட்கார்ந்து சாப்பிடுவது இரவில் மட்டுந்தான். வெள்ளிக்கிழமை விரதத்தையும் விடுவதில்லை.

தாயாருக்கு இன்னும் தெரியாது. எத்தனை மாதம் வரை இதை இயல்பென்று விட்டுவிடலாம், வைத்தியரிடம் போனால் என்ன செய்வார்கள், மணமாகாத பிள்ளையை அழைத்துச் செல்வதில் வீட்டாருக்கு எழக்கூடிய தயக்கத்துக்கு நான் என்ன பதில் சொல்வது என்பவற்றை அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய ஓட்டக்காரன்

வணக்கம் ரீச்சர். நாங்கள் மக்கெய்சர் மைதானத்தில் ஓடிய காலத்திலும் நெடுந்தூரம் ஓடிய பெண்பிள்ளைகள் சிலருக்கு இப்படி இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஓட்டத்தை விட்டபின் அவர்கள் திருமணம் செய்து பிள்ளைகளும் பெற்றார்கள். மாகாணப் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது வைத்தியசாலை, பரிசோதனை என்று அலைந்தால் பிள்ளையின் மனம் குழம்பிவிடும். போட்டி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது என் எண்ணம். வேண்டுமானால் எள்ளுப்பாகும் பப்பாளியும் கொடுத்துப் பாருங்கள். உடல் சூடேறினால் தானாக வந்துவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள்.

மட்டக்களப்பு வைத்தியர்

நான் குடும்ப வைத்தியராகப் பணிபுரியும் பெண். மேலே எழுதிய ஐயாவின் கருத்து ஒரு காலத்தில் விளையாட்டுத் துறையில் எல்லோரும் நம்பியதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உடலில் கொழுப்பு ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்குக் கீழே இறங்கினால் மாதவிடாய் நிற்கும் என்ற கருதுகோளை 1974இல் றோஸ் ஃபிரிஷ் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். மெலிந்த ஓட்டக்காரிக்கு அது நிற்பது இயல்பு என்ற எண்ணம் வேரூன்ற அதுவும் ஒரு காரணம். பின்னர் ஆன் லௌக்ஸ் என்ற உடற்றொழிலியலாளரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. மாதவிடாய் ஒழுங்காக இருந்த பெண்களுக்குச் சில நாட்கள் உடற்பயிற்சியைக் கூட்டி, அதற்கு ஈடான உணவையும் கொடுத்தபோது ஓமோன்களில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. அதே பயிற்சிக்கு ஈடான உணவைக் கொடுக்காதபோது, ஐந்தே நாட்களில் மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் சமிக்ஞை மந்தமாகிவிட்டது. ஆகவே மாதவிடாயை நிறுத்துவது பயிற்சியின் கடுமையன்று, பயிற்சிக்குச் செலவான சக்தியை உணவு ஈடுசெய்யாமைதான்.

மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்ற பகுதி, குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒரு ஓமோனைத் துடிப்புத் துடிப்பாக வெளியிடுகிறது. அத்துடிப்பைக் கேட்டுக் கபச்சுரப்பி தன் ஓமோன்களைச் சுரக்க, அவை சூலகத்தைத் தூண்ட, அங்கே ஈஸ்திரஜன் உண்டாகிச் சூல் முதிர்கிறது. சக்தி போதாதபோது, சம்பளம் குறைந்த வீட்டில் கொண்டாட்டங்களை முதலில் தள்ளிவைப்பதைப் போல, உயிர்வாழ உடனடியாகத் தேவைப்படாத இனப்பெருக்க வேலையை உடல் நிறுத்திவைக்கிறது. பரிவகக்கீழின் துடிப்புக் குறைகிறது, ஈஸ்திரஜன் வீழ்கிறது, மாதவிடாய் நிற்கிறது. உயர்தரப் பரீட்சையின் மன அழுத்தமும் தூக்கக் குறைவும் இதே வழியில் தம் பங்கைச் சேர்க்கும்.

ஈஸ்திரஜன் இல்லாததன் விலையை முதலில் கொடுப்பது எலும்பு. ஒரு பெண் தன் வாழ்நாளுக்குச் சேமிக்கும் எலும்புத் திணிவின் பெரும்பகுதி 18 வயதளவில் சேர்ந்துவிடுகிறது. சேமிக்க வேண்டிய அந்த வயதில் ஈஸ்திரஜன் குறைந்தால், எலும்பு சேர்வதற்குப் பதிலாகக் கரையத் தொடங்குகிறது. பின்னர் மாதவிடாய் திரும்பினாலும் இழந்தது முழுமையாக மீளும் என்பதற்கு உறுதியில்லை. ஐயா குறிப்பிட்ட பெண்கள் பிள்ளை பெற்றிருப்பார்கள். அவர்களுடைய எலும்பை யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெயினைச் சிலர் அறிந்திருப்பீர்கள். 17 வயதில், 2013 மொஸ்கோ உலக மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் இறுதிச் சுற்றில் ஓடியவர். எடையைக் குறைக்கும்படி தொடர்ந்து நெருக்கப்பட்டதையும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் இல்லாதிருந்ததையும், ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். சீர்கெட்ட உணவுப் பழக்கம், நின்ற மாதவிடாய், நலிந்த எலும்பு ஆகிய மூன்றும் ஒன்றாக வருவதை அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1990களிலேயே எடுத்துக்காட்டியிருந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் அதை விரிவாக்கி, இதயம், நோயெதிர்ப்பு, மனநிலை, ஓட்டத் திறன் என்பனவும் பாதிக்கப்படும் என்றும், ஆண்களுக்கும் இது நேரும் என்றும் அறிவித்தது. ஆகவே "பதப்பட்ட உடல்" என்று சொன்ன பயிற்றுநர், தமது மாணவியின் வேகத்தைக் குறைக்கப்போகும் ஒன்றைத்தான் பாராட்டியிருக்கிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், ஆசிரியை. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதங்கள் தொடர்ந்து வராவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். முன்பே ஒழுங்கற்றிருந்தவர்களுக்கு ஆறு மாதங்கள். 15 வயதாகியும் பூப்பெய்தாத பிள்ளையையும் காட்ட வேண்டும். உங்கள் மாணவி அந்த எல்லையைத் தாண்டிவிட்டாள். அதைவிட அவசரமானது அந்தக் கால் வலி. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் எலும்பு நோவதும், அந்தக் காலில் மட்டும் நின்று துள்ளும்போது வலி கூடுவதும் தசைவலியின் குணமல்ல. எலும்பில் மயிரிழை முறிவு தொடங்கியிருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலும் போகலாம் என்பதால், படம் நன்றாக இருக்கிறது என்று கேட்டவுடன் ஓடவிட்டுவிடாதீர்கள்.

எள்ளுப்பாகைப் பற்றி ஒரு வார்த்தை: தாராளமாகக் கொடுங்கள். சூட்டுக்காக அல்ல, அதில் சக்தியும் கல்சியமும் இருக்கின்றன என்பதற்காக.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனது மகள் ஓடுபவள் அல்ல. பாடசாலையில் வலைப்பந்து விளையாடுபவள், அத்தோடு எடை கூடிவிட்டது என்று தானாகவே சோற்றை விட்டவள். அவளுக்கும் இதே போல் நின்றபோது, தனியார் இடமொன்றில் மாத்திரை தந்தார்கள். மாத்திரை முடிந்ததும் மாதவிடாய் வந்தது. மாத்திரை எடுக்காத மாதங்களில் அது வருவதில்லை. மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பதா, விடுவதா என்று புரியவில்லை.

இன்னொன்றையும் வைத்தியர் அம்மாவிடம் கேட்க விரும்புகிறேன். இந்த ஆசிரியை எழுதிய தயக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. பெண்நோயியல் கிளினிக்கில் குமர்ப்பிள்ளையை உட்காரவைத்தாலே பேச்சு வரும் என்று என் மாமி இறுதிவரை சம்மதிக்கவில்லை. அங்கே என்னென்ன பரிசோதனை செய்வார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் வீட்டில் எடுத்துச் சொல்ல இலகுவாக இருக்கும். நோன்பு மாதத்தில் விளையாடுவது பற்றியும் சொல்லுங்கள்.

மட்டக்களப்பு வைத்தியர்

வ அலைக்கும் ஸலாம், சகோதரி. வீட்டாரின் அச்சம் பெரும்பாலும் உட்பரிசோதனையைப் பற்றியது. மணமாகாத பிள்ளைக்கு, இந்தக் காரணத்துக்காக, வழக்கமாக அது தேவைப்படுவதில்லை. எடை, உயரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள், உணவையும் பயிற்சியையும் பற்றி விரிவாகக் கேட்பார்கள், இரத்தம் எடுப்பார்கள், ஸ்கான் தேவையென்றால், தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் வயிற்றின் மேலாகவே செய்வார்கள். தாயோ ஆசிரியையோ உடனிருக்கலாம்.

சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வதைப் பார்த்து மனம் நோகாதீர்கள். மாதவிடாய் நின்ற எந்தப் பெண்ணுக்கும், கேள்வி கேட்காமல் முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை அது. பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்வது நல்லது.

இரத்தத்தில் தைரொயிட், பால் சுரப்பைத் தூண்டும் புரோலக்டின், கபச்சுரப்பியின் இரண்டு ஓமோன்கள், ஈஸ்திரஜன் ஆகியவற்றைப் பார்ப்பது வழமை. "கடுமையாக விளையாடுகிறாள், அதனால்தான்" என்ற முடிவுக்கு மற்றக் காரணங்களை விலக்கிய பின்னரே வர முடியும். விளையாட்டு வீராங்கனைக்கும் தைரொயிட் நோய் வரும். முகத்தில் உரோமம், கூடுதலான பருக்கள், ஆண் ஓமோன் உயர்வு என்பன இருந்தால் சூலக நீர்க்கட்டி நோயை எண்ண வேண்டும். எங்கள் பெண்களிடையே அது பரவலாக இருப்பதால், ஸ்கானில் சில சிறு கட்டிகளைக் கண்டவுடன் அந்தப் பெயரைச் சூட்டி, "எடையைக் குறை, சோற்றைக் குறை" என்று அனுப்பிவிடும் ஆபத்தும் உண்டு. இளவயதில் சூலகம் அப்படித் தோன்றுவது சாதாரணம். ஏற்கெனவே பட்டினி கிடக்கும் ஓட்டக்காரிக்கு அந்த ஆலோசனை நஞ்சு. தலைவலியோடு பார்வை மங்கல், மார்பிலிருந்து பால் கசிதல் ஆகியவை இருந்தால் கபச்சுரப்பியைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது.

மாத்திரை விடயம். கருத்தடை மாத்திரையைப் போன்ற இரு ஓமோன் மாத்திரைகளை உட்கொண்டு நிறுத்தும்போது வரும் இரத்தப்போக்கு, மாத்திரை நின்றதால் வருவது. பரிவகக்கீழ் விழித்துக்கொண்டது என்பதற்கு அது சான்றல்ல. எலும்பைக் காக்கும் என்று நம்பவும் முடியாது. அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட அகச்சுரப்பியியல் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலும், மாதவிடாயை வரவழைப்பதற்காக அல்லது எலும்புக்காக மட்டும் இம்மாத்திரைகளைக் கொடுப்பதை ஆதரிக்கவில்லை. உணவையும் பயிற்சியையும் சீராக்கி உரிய காலம் பார்த்தபின்னும் வராவிட்டால், தோலில் ஒட்டும் ஈஸ்திரஜனைக் குறுகிய காலத்துக்கு நிபுணர் தீர்மானிக்கலாம். உங்கள் மகளுக்குத் தந்த மாத்திரை எது என்பது எனக்குத் தெரியாததால், நீங்களாக நிறுத்தாமல் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குச் செல்லுங்கள். ஆனால் "மாத்திரை இல்லாமல் வருகிறதா?" என்ற கேள்விதான் உண்மை நிலையைக் காட்டும். சோற்றை விட்ட பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். எடையைப் பற்றிய அச்சம் அவளை விடாமல் பிடித்திருந்தால், உணவு ஆலோசனையோடு மனநல ஆதரவும் தேவை.

நோன்பு நோற்பதும் விரதமிருப்பதும் தம்மளவில் மாதவிடாயை நிறுத்துவன அல்ல. நோன்பு மாதத்தில் பயிற்சியைக் குறைத்து, நோன்பு திறந்தபின்னும் ஸஹர் எனும் விடியுமுன் உணவிலும் முழு நாளின் உணவையும் ஈடுசெய்தால் பெரும்பாலோருக்குச் சிக்கல் வராது. மாதவிடாய் ஏற்கெனவே நின்ற பிள்ளையின் நிலை வேறு. அவளுக்கு இப்போது சிகிச்சையே உணவு என்பதால், நோயாளிக்கு மார்க்கம் தரும் சலுகையைப் பற்றி ஆலிம் ஒருவரிடம் கேட்கலாம்.

குரக்கன் கூழ்

நான் உணவியல் படித்தவள், நிலாவெளியைச் சேர்ந்தவள். ஆசிரியை தந்த விவரத்தை வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உண்மையான அளவுகள் கிடைத்தால் மாறும்.

அந்த மாணவி 50 கிலோ எடையுள்ளவள் என்றும், அதில் கொழுப்பு நீங்கலாக 40 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். பயிற்சிக்குச் செலவான சக்தியைக் கழித்தபின், கொழுப்பு நீங்கிய எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிலோகலோரி எஞ்சினால் உடலின் மற்ற வேலைகள் நன்றாக நடக்கும். அதாவது அவளுக்கு 1800. முப்பதுக்குக் கீழே, அதாவது 1200க்குக் கீழே, பலருக்கு ஓமோன்கள் குழம்பத் தொடங்கும். எல்லோருக்கும் ஒரே கோடு அல்ல. சிலருக்கு அதற்கு மேலே இருக்கும்போதே மாதவிடாய் நிற்கும். தேநீர், பணிஸ், இரவுச் சோறு, இடையிடையே ஏதோ கொறிப்பது எல்லாம் சேர்ந்து 1700 என்று தாராளமாகக் கணித்தாலும், காலையும் மாலையும் ஓடுவதற்கு 600 போனால் எஞ்சுவது 1100. அவள் தன்னைப் பட்டினி கிடப்பவளாக நினைத்திருக்கவே மாட்டாள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மைதானத்தில் ஓடிவிட்டு வந்தால் பசியும் தெரிவதில்லை. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறிது நேரம் பசி அடங்கிவிடுவது உடலின் இயல்பு. ஆகவே பசித்தால் சாப்பிடு என்ற அறிவுரை அவளுக்குப் போதாது, நேரம் வைத்துச் சாப்பிட வேண்டும்.

பெரிய மாற்றமாகத் தொடங்க வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 300 முதல் 500 கிலோகலோரி வரை கூட்டுவது முதற்படி. விடியற்காலை ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழம். ஓடி முடித்த கையோடு, பாடசாலைக்குப் புறப்படுமுன், முட்டையோடு பிட்டோ சொதியோடு இடியப்பமோ. தனியார் வகுப்புக்குப் போகுமுன் மதியச் சோறு கட்டாயம். வீட்டுக்குப் போக நேரமில்லையென்றால் கட்டிக்கொண்டு போகட்டும். மைதானத்துக்கு முன் அவித்த கடலையோ கௌபியோ. வெள்ளி விரதத்தை விட மனமில்லை என்றால், பால், பழம், பயறு, எள்ளுப்பாகு என்று மரக்கறி நாளாக அதை மாற்றலாம். அன்று கடும் ஓட்டம் வேண்டாம். இந்த வயதில் கல்சியம் நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் தேவை. ஒரு கோப்பைப் பாலில் 240 அளவில்தான் இருக்கிறது. முள்ளோடு உண்ணும் நெத்தலியும் குரக்கனும் எங்கள் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பவை. 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு.

சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டி ஊட்டிக் கொடுக்கும் நாங்கள், நாலு வருடம் கழித்து அதே பிள்ளை வெறுந்தேநீரோடு ஓடுவதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

உப்புவெளி ஆசிரியை

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று மாணவியை ஒரு காலில் துள்ளச் சொன்னேன். இரண்டாவது துள்ளலிலேயே நோகிறது என்று நிறுத்திவிட்டாள். அவளுடைய சம்மதத்தோடு தாயாரை அழைத்துப் பேசினேன். மாதவிடாயைப் பற்றிச் சொன்னபோது தயங்கியவர், எலும்பைப் பற்றிச் சொன்னவுடன் சம்மதித்தார். திங்கட்கிழமை வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிறோம். அங்கிருந்து கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. மாகாணப் போட்டியில் ஓடலாமா? சாப்பாட்டைக் கூட்டினால் எவ்வளவு காலத்தில் மாதவிடாய் திரும்பும்? மாணவி இரண்டாவதைத்தான் கேட்கிறாள். முதலாவதைக் கேட்கப் பயப்படுகிறாள்.

பழைய ஓட்டக்காரன்

எலும்பு முறிவு சம்பந்தப்பட்டதென்றால் நான் சொன்னதை வற்புறுத்த மாட்டேன், ரீச்சர். மாகாணப் போட்டி அடுத்த வருடமும் வரும். ஆனாலும் பயிற்சியை முற்றாக நிறுத்தினால் பிள்ளை சோர்ந்துபோவாள் என்பதையும் வைத்தியர் கவனிக்க வேண்டும்.

மட்டக்களப்பு வைத்தியர்

ஐயா சொன்ன கடைசி வரி முக்கியமானது. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

துள்ளும்போது நோகும் காலோடு போட்டியில் ஓட முடியாது. முறிவு இல்லை என்று வைத்தியர் உறுதிப்படுத்தும் வரை பயிற்சி ஓட்டமும் வேண்டாம். முறிவு இருந்தால், கணைக்காலில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து ஓய்வுக் காலம் மாறும். பின்னுள்பக்க முறிவு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறும். முன்பக்க முறிவு பிடிவாதமானது. இடுப்போ தொடையின் மேற்பகுதியோ நோவதாக எப்போதாவது சொன்னால் அன்றே காட்டுங்கள், அங்கே முறிவு விலகினால் சத்திரசிகிச்சை வரை போகும். நடக்க வலியில்லை என்றால், வைத்தியர் அனுமதியோடு நீச்சலோ மேலுடற் பயிற்சியோ செய்யலாம். மைதானத்துக்கு வந்து நேரம் குறிப்பது, தன்னைவிட இளையவர்களுக்கு உதவுவது போன்ற வேலைகளையும் கொடுங்கள்; தோழிகளிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். ஓட்டம் குறைந்துவிட்டதே என்று சாப்பாட்டையும் குறைக்க அவள் முயல்வாள். அந்த வாரங்களில் அதைத்தான் தாயார் கவனிக்க வேண்டும். எலும்பு ஆறவும் சக்தி வேண்டும்.

மாதவிடாய் திரும்புவதற்கு நாள் குறிக்க முடியாது. சிலருக்குச் சில வாரங்களில் வரும். பலருக்குப் பல மாதங்கள் எடுக்கும். ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். எடை சற்றுக் கூடுவது முதலில் நடக்கும். அதைக் கண்டு அவளும் அந்தப் பயிற்றுநரும் பதறாதிருக்க வேண்டும். முடிந்தால் பயிற்றுநரையும் ஒருமுறை கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள், அல்லது வைத்தியரிடம் எழுத்தில் ஒரு குறிப்பைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வாய்ச்சொல்லைவிடக் கடிதத்துக்கு எங்கள் மைதானங்களில் மதிப்பு அதிகம்.

திங்கட்கிழமைக்கு முன், கடைசியாக வந்த மாதவிடாய்த் திகதியையும், அதற்கு முந்தியவற்றில் நினைவிலுள்ளவற்றையும், அண்மைய சில நாட்களில் சாப்பிட்டதையும் ஓடிய தூரத்தையும், எந்த மருந்தாவது நாட்டு மருந்தாவது எடுத்திருந்தால் அதையும் அவளுடைய கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் வெட்கப்பட்டு வாய் திறக்காவிட்டாலும், அந்தத் தாளை நீட்டினால் போதும்.